கெட்டுப்போன பதிவு ஏதாவது இருக்கிறதா?

விஸ்கான்சின்,
ஏரிக்கரை மைதானத்து வண்டி நிறுத்துமிடம்,
ஜூலை, ஞாயிறு காலை.

அன்பு மகள் மார்வெல்லாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். முழங்கால் நலமில்லை, வேனும் நலமில்லை, மற்றபடி குறையில்லை. கப்பலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு நீ கத்துவாய் என்று தெரியும். முதலில் உட்கார்ந்துகொள். ஆமாம், உங்கப்பாவின் வேன்தான். ஆமாம், லேஸி கெட்டில் பாட்டுக் கும்பலின் கச்சேரிதான். வந்திருப்பது நான்தான்.

முப்பது வருஷமாக அந்தக் கும்பலைத் திட்டித் தீர்த்தவள் நான். பேருக்கேற்ற சோம்பேறிக் கெட்டில்தான் அது. ஒரு பாட்டை அடுப்பில் வைத்தால் கொதிக்கிறதா, ஆறிப்போய்விட்டதா என்று தெரியாமலே அரைமணி நேரம் நிற்க வேண்டும். ஒவ்வொரு கோடையும் உங்கப்பா லீவு போட்டுவிட்டு இவர்கள் பின்னாலேயே ஊர் ஊராகப் போவார். எல்லாம் ஒரு பாட்டுக்காக. நீ பிறந்த வருஷம் பாடி, அதோடு அவர்கள் நிறுத்திவிட்ட பாட்டு. உனக்கு என் அம்மா பெயரை வைக்க இருந்தேன். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அந்தப் பாட்டின் பெயரையே உன் பெயர் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

போன கடிதத்தின் அடியில் நீ ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அப்பா குரல் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நீ எழுதாமலே விட்டதும் எனக்குத் தெரியும். நீ கப்பல் வேலைக்குப் போகப் பஸ் ஏறிய அன்று வழியனுப்ப வந்தது நான் ஒருத்திதான். அவர் விடியும் முன்பே வேனை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டார். ஜன்னல் வழியாக நீ என்னிடம், "பாட்டு நல்லா இருந்துச்சான்னு அப்பாகிட்ட கேளும்மா" என்றாய். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் அவரோடு பேச்சே இல்லை.

குரலைத் தேடினேன். வீட்டு வீடியோ எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்தவர் அவர். பேசினால் கை ஆடும் என்று மூச்சுகூட விட மாட்டார். அவருடைய கட்டைவிரல்தான் எங்கே பார்த்தாலும் வருகிறது. உன் ஐந்தாவது பிறந்தநாளில் கேக்கைவிட விரல் பெரிது. போனில் செய்தி விட்டுவைக்கிற பழக்கமும் கிடையாது. "ஆள் எடுக்கலேன்னா மெஷின்கிட்ட என்ன பேச்சு?" என்பார்.

அடக்கத்துக்கு ஒரு நீளமுடிக்காரர் வந்திருந்தார். உன்னால் வர முடியவில்லையே, அதனால் உனக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டுக்குள் வானவில் கலரில் பனியன். உன் கடிதம் வந்த பிறகு அவரைத் தேடிப் போய், அப்பா குரல் எதிலும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹார்லன் குரலாம்மா? இருபது வருஷமா எங்க ரெக்கார்டிங்கையெல்லாம் கெடுத்ததே அந்தக் குரல்தானே!" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார்.

விஷயம் இதுதான். லேஸி கெட்டில் கச்சேரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். காசுக்கு விற்கக் கூடாது, சும்மா கொடுத்து வாங்கலாம். அதற்கென்றே சிலர் நீளக் கம்பத்தில் மைக்கைக் கட்டி நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கம்பத்தடியில் பேசக் கூடாது, இருமக் கூடாது, கை தட்டினால்கூட முறைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார்கூட அப்படி முறைக்க மாட்டார். உங்கப்பா எங்கே போய் நின்றிருப்பார் என்று நினைக்கிறாய்? அங்கேதான். எல்லா வாத்தியமும் அடங்கி, ஒற்றைக் கிதார் மட்டும் இழையும் நேரம் பார்த்து, "மார்வெல்லாஆஆ!" என்று தொண்டை கிழியக் கத்துவாராம், அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி.

அதனால்தான் கிளம்பினேன். வழிநெடுகக் கம்பக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: கெட்டுப்போன பதிவு ஏதாவது இருக்கிறதா?

இண்டியானாவில் வெண்டெல் என்று ஒருவன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. கேள்வியைக் கேட்டதும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்கிட்டயா? கெட்டுப்போனதா? ஒஹையோக்காரன் ஒருத்தன்மா, எருமை மாதிரி கத்துவான். ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து அவனை ஒண்ணுவிடாம வழிச்சு எடுத்துட்டேன். கேட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். உண்மையிலேயே கண்ணாடிதான். ஆஸ்பத்திரித் துணி துவைத்தே வயதானவள் நான். கறை போனால் சந்தோஷப்படுகிற பிறவி. அன்றைக்குத்தான் கறை போனதற்கு அழுதேன்.

"அந்த எருமை எங்க வீட்டுக்காரர்தான் தம்பி" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!  அப்புறம், "நல்ல எருமைம்மா" என்றான். பக்கத்துக் கூடாரத்தில் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி வாங்கிவந்து, நான் தின்று முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

அவன்தான் செய்தியைப் பரப்பியிருக்க வேண்டும். இல்லினாய் போய்ச் சேர்வதற்குள் ஹார்லன் பெண்டாட்டி கெட்டுப்போன பதிவு தேடுகிறாள் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வேன் கதவைத் திறந்தால் வரிசை. ஒருவன் முழுக்க முழுக்கத் தும்மலாக ஒன்று கொண்டுவந்தான். ஒன்றில் யாரோ வாந்தி எடுக்கிறார்கள். இன்னொருவன், "என் கல்யாணம் முறிஞ்ச சண்டை முழுசா இதுல இருக்கும்மா, வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றால் அவன் மனம் நோகும் என்று வாங்கிவைத்திருக்கிறேன். எதிலும் உங்கப்பா இல்லை.

அங்கே உள்ளே போக என்னிடம் டிக்கெட் இல்லை. இல்லாதவர்கள் ஒற்றை விரலை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்பார்கள். மனமிரங்கியவர் சும்மாவே ஒன்று கொடுப்பார். நானும் நின்றேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "மேல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். டிக்கெட் வரும் என்றேன். அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். வந்தது, மகளே! ஒரு சின்னப் பெண் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். குளித்து நாளாகியிருக்கும் போல. நானும் அப்படித்தான்.

வெண்டெல் சொல்லித்தான் இங்கே விஸ்கான்சினில் இர்மாவைக் கண்டுபிடித்தேன். பதிவைத் துடைத்துச் சுத்தம் செய்யாத ஒரே ஆள் அவள்தானாம். உங்கப்பாவுக்கு ஜென்ம விரோதியும் அவள்தானாம். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு இன்றைக்கும் ஐம்பது பிள்ளைகள் வாயை மூடும். என்னை மேலும் கீழும் பார்த்து, "உன் புருஷன் தலையில பீரை ஊத்துனவ நான். தெரியும்ல?" என்றாள். "பீர்தானே? நான் சூடா சூப்பே ஊத்தியிருக்கேன்" என்றேன். அதற்கப்புறம் உட்காரச் சொன்னாள்.

இருப்பதிலேயே மோசமானதைக் கொடு என்றேன். பெட்டிக்குள் பார்க்காமலே கையை விட்டு ஒரு பென் டிரைவை எடுத்தாள். "போன வருஷம் ஜூன், இதே மைதானம். இதைவிடக் கெட்டது என்கிட்ட இல்ல. ஆனா ஒண்ணு, நடுவுல தாண்டக் கூடாது. முதல்லேருந்து கேக்கணும். தாண்டித் தாண்டிக் கேக்குறவங்களுக்கு நான் குடுக்கறதில்ல."

மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். நீ பஸ் ஏறிய நாள்.

இர்மாவின் காரில், கொளுத்துகிற வெயிலில், நடுவில் ஒரு பொட்டலம் ஊறுகாய் வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு கேட்டோம். ஒரு இடத்தில் மத்தளம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது இர்மா மறுபடியும் முதலிலிருந்து வைத்திருந்தாள். சத்தியமாக.

பிறகு அந்த ஒற்றைக் கிதார் வந்தது. அப்புறம் உங்கப்பா வந்தார்.

நீயே கேட்டுக்கொள் என்று விட நினைத்தேன். ஆனால் வழியில் பென் டிரைவ் உடைந்துபோனால்? எழுதியே விடுகிறேன். "மார்வெல்லாஆஆ!" என்கிறார். "யோவ் ஹார்லன், வாயை மூடுய்யா, மைக்குக் கீழ நிக்கிறே!" இது இர்மா. மறுபடி உன் பெயர். வேறு யாரோ, "அவங்க அதைப் பாட மாட்டாங்கய்யா, விடு" என்கிறார்கள். அப்போது உங்கப்பா சொல்கிறார், கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலில்: "பாட்டை யாருய்யா கேட்டா? என் மக இன்னிக்குக் கப்பலுக்குப் போறா. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தா போகாதேன்னு சொல்லித் தொலைச்சிருப்பேன். இங்கேன்னா எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேக்காது." அப்புறம் இன்னும் ஒருமுறை, அத்தனை நீளமாக, உன் பெயர். அதன் பிறகு பீர் கொட்டுகிற சத்தம்.

நான் இர்மாவைப் பார்த்தேன். அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு, "இதைக் கேட்டப்புறமுமா ஊத்தினேன்னு கேக்காத. அப்ப அந்தக் கிதார் ரொம்ப நல்லா போயிட்டிருந்துச்சு" என்றாள். மிச்சக் கச்சேரியையும் கேட்டோம். தாண்டவில்லை. ஒரு பாட்டு எனக்குக் கொஞ்சம் பிடித்தது. யாரிடமும் சொல்லாதே.

கடிதத்தோடு அந்தப் பென் டிரைவை வைத்திருக்கிறேன். நீயும் தாண்டாமல் கேட்பாய் என்று உன் சார்பில் இர்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், மூன்று மணி நேரம். உன் தலையெழுத்து. கப்பல்காரர்கள் கூட இருக்கும்போது போடாதே, தனியாகக் கேள். தூங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

தேடியது கிடைத்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் இர்மா கொலராடோவுக்கு வா என்று கூப்பிடுகிறாள், அவள் காரில் குளிர்சாதனம் வேலை செய்கிறது. யோசிக்கிறேன்.

காதைக் குளிரிலிருந்து மூடிக்கொள். கையுறை அனுப்புகிறேன். கடல் உன்னை அலுங்காமல் வைத்திருக்கட்டும். அப்பா கூப்பிடும் இடம் வந்ததும் ஒரே ஒரு தடவை "என்னப்பா" என்று சொல்லிவிடு கண்ணு. மெல்லச் சொன்னாலும் போதும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா வெர்னா