காப்புக் கட்டிய வாரம்

என் அன்பு மாமாவுக்கு,

"சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்காமல் நீங்கள் என்னிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பித்ததில்லை. அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் உங்கள் மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் மகனும்தான். அவர் விரதம், நான் கோபம்.

நீங்கள் கண்ணை மூடிய வருஷம் நம் வீட்டில் யாரும் நோன்பு இருக்கவில்லை. இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கோயில் நாடகத்தில் நீங்கள் ஆடிய கட்டியக்காரன் வேஷம் இனி யாருக்கு என்று கேட்டார்கள். உங்கள் மகன் மாதேஷ் கையை நீட்டினார். மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லக் கூசி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நம் மாரமங்கலத்துக்கு நடந்து வருகிற மனுஷன், மேடையேறி ஊரையே கேலி பேசப் போகிறாராம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

திங்கட்கிழமை அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவர் கணக்கு எழுதும் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், மாமா. புதிய முதலாளிகளுக்கு ரைட்டர் வேண்டாமாம். இந்த மாதத்தோடு கணக்கு முடிந்தது என்று மாதேஷிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கே ஏற்காட்டில் எங்கள் ஹோட்டல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஹோட்டல் முதலாளி கோயமுத்தூரில் புது உணவகம் திறக்கிறார், அதன் சமையலறைப் பொறுப்புக்கு என் பெயரும் அடிபடுகிறது என்றார். புதன்கிழமை சேலத்தில் முதலாளி ஒரு மதிய விருந்து வைக்கிறார். அதில் ஒரு பதார்த்தம் நான் சமைக்க வேண்டும். வீட்டுக்காரரோடு வர வேண்டும். சாயங்காலம் பாட்டுக் கச்சேரி, இரவு அங்கேயே தங்கல். நான் யோசிக்காமல் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் மகன் கேட்டது ஒன்றுதான். "புதன்கெழமையா?"

காப்புக் கட்டினால் ராத்திரி வேறு ஊரில் தங்கக்கூடாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "பொழுதோட திரும்பிடலாங்க" என்றேன். அவர் கயிற்றைத் திருகிக்கொண்டே எழுந்து போனார்.

புதன்கிழமை சேலத்துக்குப் போய், விருந்து நடந்த இடத்து அடுப்பிலேயே சாமை அரிசியில் பலாப்பிஞ்சு போட்டு பிரியாணி செய்தேன். மிளகு நம் தோட்டத்தது. கவுச்சி இல்லை, என் கைச் சமையல், இவர் சாப்பிடுவதற்கு என்ன தடை என்று நினைத்துவிட்டேன். முதலாளியும் அவர் மனைவியும் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாதேஷின் தட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்ன தம்பி, கையே வைக்கல? உங்க வீட்டுக்காரம்மா சமைச்சதுதானே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பசியில்லீங்க" என்றார் உங்கள் மகன்.

முதலாளி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில்தான் என் தங்கை கல்யாணம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் நீங்கள் காப்போடு வந்திருந்தீர்கள். என் அப்பாவிடம், "சம்மந்தி, சாமி எம்பட வாயைக் கட்டிப்போட்டிருக்குதுங்க. ஊட்டு அடுப்புல ஆக்குனதத் தவிர வேற எறங்காது. எலைய மட்டும் போடுங்க, பாத்துக்கிட்டே குந்திக்கறேன்" என்றீர்கள். பந்தியே சிரித்தது, யாருக்கும் மனவருத்தம் இல்லை. சேலத்தில் பிறந்த நான் அதை மறந்தேன். அவர் மறக்கவில்லையே. வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன?

கச்சேரியிலும் நிம்மதி இல்லை. பாடகி உருகி உருகிப் பாட, இவர் ஜன்னலில் வெயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியட்டும் என்று கண்ணால் கெஞ்சினேன். என் முழங்கையைத் தொட்டுவிட்டு எழுந்தே விட்டார். இரண்டாவது வரிசையிலிருந்து, பாதிப் பாட்டில், முதலாளியின் முன்னால் நடந்து வெளியே வந்தோம்.

அடிவாரம் வந்தால் மேலே மரம் விழுந்து பாதை அடைத்துவிட்டது என்று வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மறுபடி சேலத்துக்குள் புகுந்து குப்பனூர் வழியாக ஏறினோம். அத்தனை வளைவிலும், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவர் தோளைப் பிடிக்கவில்லை.

"ஊட்டுச் சோறுதான் திங்கோணும்னு ஒரு வார்த்த முன்னாலயே சொல்லியிருந்தா என்னங்க?"

"நீ ஆசையாச் சமைக்கப் போற. சொன்னா சங்கடப்படுவீன்னுதான்."

"இப்ப மட்டும் சந்தோசமாவா வர்றேன்?"

அவர் கியரை மாற்றினார்.

"எனக்குக் கோயமுத்தூரு போகோணும்னு இருக்குதுங்க. உங்களுக்கு?"

அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே அடுத்த வளைவில் திரும்பினார். பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லையைத் தொட்டோம். அவர் கும்பிட்டார். எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் போன் செய்தார். "சமையல்ல ஒரு கொறையும் இல்லம்மா. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லன்னு முதலாளி நெனைக்கிறாரு. சனிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிவு சொல்லுங்க." பக்கத்தில் நின்ற மாதேஷ் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மிளகுக்கொடி பக்கம் போய்விட்டார். கல்லுளி மங்கன்! அவர் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. ஒரு அடுப்பை என் பொறுப்பில் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டது தப்பா, மாமா?

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் நாடகம் தொடங்கியது. கட்டியக்காரன் மேடையில் என்ன சொன்னாலும் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. அவனும் கீழே இறங்கியபின், அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேசக்கூடாது. நான் வந்த வருஷம் சொந்தக்காரர்கள் என் வேலையைப் பற்றிக் குசுகுசுத்தபோது, "எம்பட மருமக வேலைக்குப் போனா மலை சரிஞ்சிருமாங்க?" என்று அந்த மேடையில்தானே கேட்டீர்கள்? அதற்கப்புறம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் குல்லாயோடு மாதேஷ் வந்து நின்றார். பேச்சு வரவில்லை. மத்தளக்காரர் இரண்டு தரம் அடித்து எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. "அப்பனாட்ட ஆகுமா?" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். அத்தனை கோபத்திலும், சாமி, இவர் வாயைத் திறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏனுங்க, எங்க ராசா கதையக் கேளுங்க" என்றார், ஒருவழியாக. "ராணி விருந்து சமைச்சாங்க. வந்தவிய எல்லாம் வழிச்சு வழிச்சுத் தின்னாங்க. ராசா மட்டும் தட்டப் பாத்துக்கிட்டே குந்தியிருந்தாரு. காப்புக் கட்டியிருக்கறேன்னு சொல்ல வாயில்ல. பசியில்லன்னு பொய் சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு!"

ஊரே சிரித்தது. மத்தளக்காரர் விடவில்லை. "அப்பறம்?"

"ராசாவோட ராச்சியத்த வித்துப்போட்டாங்க. ராணிக்குக் கோயமுத்தூர்ல பெரிய அடுப்பு கெடைச்சிருக்குது. ராசாவுக்குப் பயம் வந்துருச்சு."

"என்ன பயம்?"

"அந்த ஊருல போயி, நீ ஆருன்னு கேட்டா என்ன சொல்றது?"

மாதேஷ் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"நொம்ப ரோசன பண்ணுனாரு. அப்பறம் தெரிஞ்சுது. ராணி ஊட்டுக்காரன்னு சொல்லிக்கலாம். அது போதும்."

நான் அழுதுவிட்டேன், மாமா. வெட்கமே இல்லாமல், எல்லோர் முன்னாலும்.

இன்று சனிக்கிழமை. காலையில் காப்பு அவிழ்த்துவிட்டு வந்ததும், நம் வீட்டு அடுப்பில் அதே பிரியாணியைச் செய்து வைத்தேன். தட்டு காலியாகும்வரை அவர் நிமிரவில்லை. அப்புறம் மெதுவாக, "உப்பு கொஞ்சம் கம்மி புள்ள. மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாத" என்றார். சிரித்துக்கொண்டே மேனேஜருக்கு போன் போட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்றேன்.

அங்கே இவருக்கு என்ன வேலை கிடைக்கும், தெரியாது. பூட்டிய வீட்டைப் பார்த்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா? ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷம் காப்புக்கு முந்தின நாளே இரண்டு பேரும் மலையேறி வந்து, இந்த அடுப்பைப் பற்றவைப்போம். கயிறு அவர் கையில் இருக்கும்வரை இந்த அடுப்பில் நான்தான் சமைப்பேன். உப்புச் சரியாகப் போட்டு.

இப்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்ட
உங்கள் மருமகள்,
ரேவதி