உன் ஹேண்டலை உயர்த்திவிட்டேன்

மச்சான்,

மேசையில் நான்கு பழைய போல்ட்டுகள் கிடக்கின்றன. இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் ஹேண்டலிலிருந்து கழற்றியவை. உப்புக்காற்று பட்டுத் தலையெல்லாம் துரு. முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இதுதான் என் முதல் கடிதம். ஒவ்வொரு வரியையும் எழுதி, படித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். முதுகுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உனக்கு நீளக் கை. முன்னால் சாய்ந்து பிடிக்கும் அந்தத் தாழ்ந்த ஹேண்டல் உனக்குப் பொருந்தியது. ஞாயிறுதோறும் என்னைப் பின்னால் வைத்து மெர்போக்கிலிருந்து கடலோரக் கோத்தா கோலா மூடாவுக்கு மீன் வாங்க ஓட்டுவாய். அங்கே ஏலத்தில் யாரும் கத்துவதில்லை. மீன்காரர் காதில் விலையைக் கிசுகிசுக்க வேண்டும். எனக்கு மெல்லப் பேச வராது.

"குள்ளா, நீ கிசுகிசுத்தா பாக்கார் ஆராங் வரைக்கும் கேக்கும்லா! வாய மூடு, நான் சொல்றேன்" என்பாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் குரல் போய்விட்டது. என்னைக் குனியச் சொல்லி, மீன்காரரிடம் சொல்வதுபோலவே என் காதில் சொன்னாய்: "மோட்டார் ஒனக்குத்தான். ஹேண்டல ஒசத்திக்கோ. இல்லாட்டி முதுகு போயிரும்டா."

தலையாட்டினேன், செய்யவில்லை. நீ பிடித்த இடத்தை மாற்றினால் அது உன் மோட்டாராக இருக்காது என்று நினைத்தேன். இரண்டு வருடம் உன் அளவுக்கு என்னை இழுத்து நீட்டி ஓட்டினேன். களைத்துப்போனேன் மச்சான். போன வாரம் சந்தையில் இரண்டு பேர் பிடித்துத்தான் என்னை இறக்கினார்கள். "போதும்ப்பா, வித்துருங்க" என்றான் மகன்.

விற்க மனம் வராமல்தான் இன்று பாக்கார் ஆராங்கில் உள்ள மோட்டார் கடைக்குப் போனேன். ஹேண்டலுக்கு அடியில் வைத்து உயர்த்தும் அலுமினியக் கட்டைகள், ரைசர் என்கிறார்கள், இரண்டு அளவில் இருந்தன. பெரியதைக் காட்டினேன். கடைக்காரர் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். எஞ்சின் தானாக உறுமியது.

"கேபிள் நீளம் பத்தாம இழுக்குது அங்கிள். இதுக்கு எல்லாக் கேபிளும் மாத்தணும்."

"வேணாம் தம்பி. அது அவன் போட்ட கேபிள். சின்னதே மாட்டு."

சின்னது இரண்டு விரல் உயரம். புதிய கட்டைக்கு நீள போல்ட். மிஞ்சிய பழையவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கோலா மூடாவுக்கு ஓட்டினேன். முதுகு வலித்தது. ஆனால் யாரும் பிடிக்காமல் இறங்கினேன்.

மீன்காரர் காதருகே குனிந்தபோது பையிலிருந்த போல்ட்டுகள் ஒன்றோடொன்று மெல்ல உரசின. என் குரலும் அவ்வளவுதான் வந்தது. ஒரு கூடை கெம்போங் மீன் எனக்குக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறும் அவற்றைப் பையில் போட்டுக்கொள்வேன்.