நீ மாற்றிச் சொன்ன படங்கள்

என் அருமை மனோ மச்சாளுக்கு,

அங்கே படம் தெரிவுசெய்கிற வேலை இல்லாமல் உனக்குப் பொழுது எப்படிப் போகிறதோ தெரியாது. இங்கே அந்த வேலை என் தலையில் விழுந்து நான் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. இதற்குள் நான் ஒரு பிழையும் விட்டுவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரில் போட்டு ஊரும் வாசிக்கட்டும், எனக்கென்ன வெட்கம்?

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை உன் வீட்டில் ரீவியை யாரும் தொடவில்லை. கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் உன் மகன் அதைத் தானே தூக்கிவந்து எங்கள் விறாந்தையில் வைத்தான். "மாமி, அம்மா படம் பாக்கிறதுக்குக் காசு கட்டுறதை நான் நிப்பாட்டேல்லை. அவவின்ரை பேரிலையே கிடக்கட்டும். நீங்கள் சனிக்கிழமையைக் கைவிடாதேங்கோ" என்றான். சாய்மனைக் கதிரையை யன்னலோரம் தள்ளவேண்டி வந்ததில் உன் அண்ணர், என் வீட்டுக்காரர், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது அவர்தான் மூன்று மணிக்கு முதலே வந்து குந்துகிற ஆள்.

உனக்குத் தெரிந்த கதைதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் அரியாலை ஒழுங்கையின் இருபக்க வீட்டுப் பெண்கள் உன் வீட்டில் கூடுவோம். நீ, நான், சரசு அக்கா, அவவின் மருமகள், யோகம் என்று ஐந்து பேர். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எடுத்த ஆவணப்படத்தை நீ தேடிப் பிடித்து வைத்திருப்பாய். கீழே ஓடுகிற ஆங்கிலத்தை வாசித்து, றிமோட்டால் நிறுத்தி நிறுத்தி, எங்கடை தமிழில் கதை சொல்வாய். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த வாய் அல்லவா, சும்மா இருக்குமா?

ஆனால் நானும் தபால் கந்தோரில் இருந்தவள், எனக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். நீ மாற்றிச் சொல்வதைப் பிடித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். மலைநாட்டில் தேனீ வளர்க்கிற கிழவர் கடைசியில் செத்துப்போகிறாரே, நினைவிருக்கிறதா? "மகளோடை பட்டணத்துக்குப் போயிட்டார், நல்ல சுகமா இருக்கிறாராம்" என்று கண் வெட்டாமல் சொன்னாய். "அப்பாடா, மகள் பாத்தவள்" என்று சரசு அக்கா பெருமூச்சு விட்டா. நான் இருமி இருமிச் சமாளித்தேன். பிறகு குசினிக்குள் அடுப்படியில் வைத்து உன்னைக் கேட்டபோது, "கிழவர் செத்து எங்களுக்கென்னடி லாபம்?" என்றாய்.

நீ போன பிறகு றிமோட் என் கைக்கு வந்தது. ஐயோ மச்சாள், படம் பார்ப்பதைவிடப் படம் தேடுவது பெரிய வேலை! முதல் சனிக்கிழமை முக்கால் மணித்தியாலம் தேடினேன். முதல் பத்து என்று காட்டுகிறதில் ஒன்பது, துவக்கும் கையுமாகச் சுட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். ஒரு படத்தின்மேல் கொஞ்சம் நின்றால் போதும், அது தானாகவே ஓடத் தொடங்கிக் கத்துகிறது. உன் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன டைனோசர்கள் வேறு வரிசை வரிசையாக வருகின்றன. ஒன்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீதம் பொருத்தம் என்று போட்டிருந்தது. "சாதகம் பாக்கிற சாத்திரியார்கூட உப்பிடி அடிச்சுச் சொல்லமாட்டார்" என்றார் உன் அண்ணர். போட்டுப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் சரசு அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டா.

பிறகுதான் நீ செய்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினேன். நீ அந்த வரிசைகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாய். நேரே தேடுகிற இடத்துக்குப் போய் உப்பு, பாலம், பாண், விதை என்று ஏதாவது ஒரு சின்னச் சொல்லை ஆங்கிலத்தில் அடிப்பாய். வருகிறதில் படங்காட்டுகிறவர்கள் தாங்களே மறந்துபோனது போலக் கடைசியில் கிடக்கிறதைத் திறப்பாய். எவ்வளவு நேரம் ஓடும் என்று பார்ப்பாய், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே போனால் சரசு அக்காவின் இடுப்புத் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வியாழக்கிழமை தனியே இருந்து முழுவதையும் ஒருதரம் பார்த்துவிடுவாய்.

நானும் கடிதம் என்ற சொல்லை அடித்தேன். ஒரு மலையூரில் தபால் கொண்டுபோகிற பெண்ணைப் பற்றிய படம் அகப்பட்டது. பனிக்குள் நாலு மணித்தியாலம் நடந்து ஒரு கிழவிக்கு ஒரேயொரு கடிதம் கொடுக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது மச்சாள், நான் எழுந்து நின்று கதை சொன்னேன். "மனோவுக்குக் குறைஞ்சவளில்லை நீ" என்று சரசு அக்கா சொன்னா. அந்தச் சொல் என் தலைக்குள் ஏறிவிட்டது.

அடுத்த கிழமை, மறுபடி பார்க்க என்று காட்டுகிற வரிசையில் வள்ளங்கள் நிற்கிற ஒரு படத்தைக் கண்டேன். நீ முழுவதும் பார்த்து, பிடித்தது என்று பெருவிரலும் உயர்த்தி வைத்திருந்தாய். மனோவுக்குப் பிடித்த படம், இனி நான் என்ன பார்க்கக் கிடக்கிறது என்று நினைத்தேன். வியாழக்கிழமை நல்லூருக்குப் போய்வந்த அலுப்பு வேறு. அதைவிட, யோகம் கடற்கரைப் பிள்ளை, வலையும் வள்ளமும் கண்டால் சந்தோசப்படுவாள் என்று எனக்குள் ஒரு பெரிய எண்ணம். உனக்கு இவ்வளவு பிடித்த படத்தை நீ ஏன் ஒருநாளும் எங்களுக்குக் காட்டவில்லை என்று ஒருதரமாவது யோசித்தேனா? இல்லை.

முதல் பாதி யோகத்தைப் பிடிக்க முடியவில்லை. "உவங்கள் உப்பிடியே வலை மடிக்கிறாங்கள்? எங்கடை ஆக்கள் கண்டால் சிரிப்பாங்கள்!" என்றாள். அவள் அவ்வளவு கதைத்து நான் கண்டதில்லை. பிறகு படத்தில் காற்று எழும்புகிறது. வள்ளம் மட்டும் கரைக்கு வருகிறது. ஒரு மனிசி குசினி மேசையில் இருந்து எங்களைப் பார்த்துக் கதைக்கத் தொடங்குகிறா. என் வாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து வந்தது, நான் சொன்னேன்: "அவர் இனி வரமாட்டார், எனக்குத் தெரியும் எண்டு சொல்லுறா."

சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொன்னேன் என்று உறைத்தது. யோகத்தின் மனிசன் வடமராட்சிப் பக்கம் சொந்தக்காரரோடு ஆழ்கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை. உடலைக் காணாமல் அவள் காரியமும் செய்யவில்லை, குங்குமத்தையும் அழிக்கவில்லை. அவள் முன்னால் அந்தக் கதையை எடுக்கக்கூடாது என்பது இந்த ஒழுங்கையில் யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் தெரிந்தது. யோகம் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டாள்.

"உனக்கென்ன விசரே தவம்?" என்று சரசு அக்கா என்மேல் பாய்ந்தா. "மனோ எண்டால் உப்பிடி வாயிலை வந்ததைக் கொட்டுவாளே?" நான் ரீவியை நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். உன்மேல்கூடக் கோபம் வந்தது, ஏன் பெருவிரலை உயர்த்தி வைத்தாய் என்று. பிறகு அந்தக் கோபத்துக்காகவும் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை யோகம் வரவில்லை. அவளுக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கை நான் பறித்துவிட்டேன், இனி இந்த வீட்டுப் படலையை மிதிக்கமாட்டாள் என்று எனக்கு நெஞ்சிடி. உன் அண்ணர்தான், "இஞ்சை இருந்து மூக்கைச் சிந்தாமல் போய் அந்தப் பிள்ளையோடை கதை" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை போனேன்.

முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்கோ அக்கா, இருங்கோ என்று மணைக்கட்டையைத் தள்ளிவிட்டாள். நான் இருக்கவில்லை. "யோகம், நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் இறாலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிச்சப் படத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லையடி. உடனை நிப்பாட்டிப்போட்டன்."

"அப்ப அந்த மனிசி பேந்து என்ன செய்தவ எண்டு தெரியாதோ?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"எனக்கு அதைப் பாக்கவேணும் அக்கா. ஆனால் மாத்திச் சொல்லக்கூடாது, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லவேணும். மனோ அக்கா மாத்துறது எனக்குத் தெரியும். படத்திலை சனம் குழறேக்கை அவ சிரிச்ச முகத்தோடை சொல்லுவா, நான் என்ன குருடியே? பாவம், என்னைப் பாத்துப் பாத்துத்தான் மாத்தினவ."

"அப்ப ஏன் அண்டைக்கு எழும்பிப் போனனீ?"

"அழுகை வந்திட்டுது. உங்கள் எல்லாருக்கும் முன்னாலை அழுதால், பேந்து இன்னும் பயந்து பயந்து நடப்பியள்." கத்தியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பன்னிரண்டு வருசமா ஒருத்தரும் என்னோடை அவரைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. என்னைக் கண்டால் கடல் எண்ட சொல்லையே விழுங்கிப்போடுவியள். நான் அவற்ரை பேரைச் சொல்லக்கூடாது, பெண்சாதி சொல்லுறேல்லை. நீங்களும் சொல்லமாட்டியள். அப்ப ஆர்தான் அக்கா சொல்லுறது?"

மச்சாள், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்காதே. நாங்கள் இரண்டு பேரும், இந்த ஒழுங்கை முழுவதும், அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அந்த மனிசனை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டோம். நீ என்னைவிடக் கெட்டிக்காரி, உனக்கும் இது தெரியாமல் போனதே!

அன்றைக்கே இறாலை மூடி வைத்துவிட்டு என்னோடு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்து மிச்சத்தைப் பார்த்தோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அயலட்டைச் சனம் அந்த மனிசியின் வீட்டுக்கு வந்து இருக்கிறார்கள். அவர் சூப்புக்கு உப்பை அள்ளிக் கொட்டுவார், பாட்டுப் பாடினால் நாயும் ஓடிவிடும் என்று அவ சொல்கிறா. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவவும் சிரிக்கிறா. நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றாள் யோகம்.

"முடிஞ்சுது."

"நல்ல படம். சனிக்கிழமை எல்லாருக்கும் முதலிலை இருந்து போடுங்கோ. நான் வாறன்."

சரசு அக்காவை வரப்பண்ண நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யோகத்துக்குப் பக்கத்தில் கதிரை நுனியில் இருந்து, படம் ஓடி முடியும்வரை ரீவியைப் பார்க்காமல் யோகத்தின் முகத்தையே பார்த்தா. அவர் இனி வரமாட்டார் என்ற இடம் வந்தது. சொன்னேன். யோகத்துக்குக் கண்ணால் நீர் ஓடியது, ஆனால் எழும்பவில்லை. படம் முடிந்து நான் வெளிச்சத்தைப் போட்டேன்.

"தவம் அக்கா, அவற்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றாள் யோகம்.

ஐந்தே ஐந்து எழுத்து, மச்சாள். பன்னிரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்து துருப்பிடித்திருந்தது. "செல்வராசா" என்றேன்.

"இன்னொருக்கால்."

"செல்வராசா."

சரசு அக்கா மூக்கை உறிஞ்சினா. "செல்வராசா ஒருக்கால் எங்கடை கிணத்துக்கை இறங்கி வாளி எடுத்துத் தந்தவன். தந்துபோட்டு, வீட்டுக்காரருக்கு வைச்சிருந்த கூழ் முழுவதையும் குடிச்சிட்டான்" என்றா. யோகம் ஒரு கணம் அவவைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஓம், வீட்டை வந்து பசிக்கேல்லை எண்டவர், எனக்கு அண்டைக்கே விளங்கினது!" யன்னலோரக் கதிரையில் இருந்து உன் அண்ணர் தன் பங்குக்கு, "சீட்டு விளையாட்டிலை செல்வராசா பச்சைக் கள்ளன்" என்றார். அழுகையும் சிரிப்புமாக யோகம் எங்கள் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாம் தரம் தேத்தண்ணி வைத்தேன். ஒருவரும் வீட்டுக்குப் போக எழும்பவில்லை.

மச்சாள், இதுதான் என் வாக்கு. வியாழக்கிழமை தனியே இருந்து முழுப் படத்தையும் பார்ப்பேன், எவ்வளவு அலுப்பென்றாலும். ஆனால் உன்னைப் போல மாற்றிச் சொல்லமாட்டேன். செத்தவரைச் செத்தவர் என்றே சொல்வேன். சொல்லிவிட்டு றிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அது யாருக்குப் பட்டதோ அவள் பக்கத்தில் போய் இருப்பேன்.

உன் அண்ணர் பெண்சாதி,
உன் மச்சாள்
தவம்