பஸ் மேல் ஏறிய உன் கையெழுத்து

அன்புள்ள அண்ணனுக்கு, இது அப்பா உனக்கு எழுதும் கடிதம், எழுதும் கை மட்டும் என்னுடையது. பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்து, பெயர் எழுதிப் பழகியவர் என்பதால் அவர் பேனா பிடித்தால் ஒரு தாளில் "அன்புள்ள" மட்டும்தான் அடங்குகிறது, "மகனுக்கு" அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று உறுதி கூறுகிறேன், "இதை எழுதாதே" என்று அப்பா சொல்வதையும் சேர்த்துத்தான். என் குறிப்புகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். இனி அப்பா.

அன்புள்ள மகனுக்கு, நாங்கள் மூவரும் நலம், அங்கே நீயும் நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் மேற்கொண்டு சொல்கிறேன், இல்லையென்றால் பதிலில் முதல் வரியாக அதை எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. (அம்மா அடுக்களையிலிருந்து, "அவன் நேரத்துக்குச் சாப்பிடறானான்னு மொதல்ல கேளு, என் முழங்கால் எங்கேயும் ஓடிடாது" என்கிறாள்.) நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பஸ் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார், வந்த கையோடு எல்லாப் பஸ்களுக்கும் ஒரே மாதிரி நிறம் என்று சொல்லிவிட்டார். இங்கே யார் பஸ் நம்பரைப் பார்க்கிறார்கள், பச்சை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் மார்க்கெட் என்று ஏறிக்கொண்டிருந்தவர்கள்தானே. இனி எல்லாமே மேலே எலுமிச்சை மஞ்சள், கீழே கருநீலம், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. தீப்பெட்டி உருண்டு வருகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் உன் அம்மா. வாயால் சொன்னால் போதாது, சின்னதாக ஒரு மாதிரி செய்து காட்டு என்றார் மேனேஜர். கடையில் கிடைக்கும் பொம்மை பஸ் உள்ளங்கை அளவுதான், கோடு போடக்கூட இடமில்லை. அப்போதுதான் அலமாரி மேல் போர்வை சுற்றி வைத்திருக்கும் உன் ரயில் நினைவுக்கு வந்தது, எஞ்சின், தண்டவாளம், அட்டை ஸ்டேஷன் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீளமான பெட்டியை மட்டும் எடுத்தேன். அதன் பக்கவாட்டில் பத்து வயதில் நீ வெள்ளைப் பெயிண்டால் எழுதியது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. "தங்கச்சிக்கு இடம் இல்லை." (அப்போது நான் தவழ்ந்து வந்து தண்டவாளத்தைக் கடித்தேனாம். இருந்தாலும் இப்போது படித்தபோது வருத்தமாக இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.) அதன் மேல் நீலம் ஒரு இழுப்பு இழுத்தால் மறைந்துவிடும். நான் என்ன செய்தேன் என்றால் எழுத்தைச் சுற்றி அடித்துவிட்டேன். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. (எழுத்தைச் சுற்றி அடிக்க மட்டும் அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. மூக்கு பெட்டியில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கவனிக்காமல் அப்படிச் செய்ய முடியாது.)

மேனேஜர் பெட்டியை மேஜை மேல் வைத்து, "இதுல டிரைவர் எங்க உக்காருவாரு?" என்றார். "சார், கலரை மட்டும் பாருங்க" என்றேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருட்டினார், திருப்பி உருட்டினார், மெதுவாக "கூ" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். படிக்கிற கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது, "இடம் விட்டு ஏதோ வாசகம் எழுதியிருக்கீங்க, நல்ல யோசனை" என்று பாராட்டினார், நானும் பெட்டியை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பெயிண்ட் நான், எழுத்தை ஸ்டிக்கராக வெட்டுவது வெளிக்கடை. மேனேஜர் அந்தக் கடைக்காரரிடம் பெட்டியையே கொடுத்து, "இதுல என்ன இருக்கோ அப்படியே வரணும், ஒரு புள்ளி குறையக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். குறையவில்லை. மூன்று பஸ்கள் ஒட்டி முடித்துத் திரும்பி வந்தபோது நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். என் இடுப்பு உயரத்துக்கு உன் கையெழுத்து, கோணல்மாணலாக, கடைசி எழுத்து பின்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறது. குழாயை மூட மறந்து நின்றேன். (கண் கலங்கியதாம். அதை எழுதாதே என்கிறார்.)

வேடிக்கை என்னவென்றால் யாருமே கேட்கவில்லை. செக்கர் அதை மேனேஜர் போட்ட விதி என்று நினைத்தார், மேனேஜர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு முதலாளி போட்ட விதி என்று நினைத்தார், முதலாளி வெளியூரில் இருந்தார். மீசைக்காரக் கண்டக்டர் அதை அமல்படுத்தவே ஆரம்பித்துவிட்டார். படியில் நின்றுகொண்டு, "அக்காவா தங்கச்சியா? அக்கான்னா உள்ள வாங்க" என்று பிரித்துப் பிரித்து ஏற்றினார். இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த இரண்டு டீச்சர்களில் ஒருத்தி உள்ளே போய் உட்கார்ந்துவிட, இன்னொருத்தி ரோட்டில் நின்று, "அஞ்சு நிமிஷம் முந்திப் பொறந்துட்டு என்ன மிதப்பு பாரு!" என்று கத்தினாளாம். உன் அம்மாவோ, "எனக்கு ரெண்டு அண்ணனுங்க, அப்ப நான் உருண்டு போகணுமா? எழுதினவன் மட்டும் கையில கிடைக்கட்டும்" என்று சபதம் செய்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். எழுதினவன் யார் என்று நான் சொன்னதும், "கொழந்தை எவ்வளவு அழகா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டாள். (நான் சாட்சி. கட்சி மாற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.)

புகார்கள் குவிந்த பிறகு மேனேஜர் கூப்பிட்டார், உண்மையைச் சொன்னேன். "இடம் நல்ல இடம்தான், வாசகம்தான் வம்பு. பஸ்லயும் அழிங்க, பொம்மையிலயும் அழிங்க. இன்னொரு கடைக்காரன் அப்படியே வெட்டினா நான் எங்க போய் நிக்கறது?" என்றார். பஸ்ஸில் வெந்நீர் ஊற்றி உரித்துவிட்டேன். பெட்டி மாதக் கடைசிக்குள் சுத்தமாக அவர் மேஜைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் மீதிப் பஸ்கள் எல்லாம் வெளியாளுக்கு, எனக்குப் பஸ் கழுவுகிற வேலை. (விஷயம் வெளியான மறுநாள் மீசைக்காரர் என்னிடம், "ஏறும்மா ஏறு, ஆனா உங்கண்ணன் சொல்ற வரைக்கும் ஜன்னல் ஓரம் கெடையாது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்று முதல் நின்றுகொண்டே பள்ளிக்குப் போகிறேன்.) தினமும் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு உட்காருகிறேன், பிரஷ் காய்ந்துபோகிறது. "அவ்ளோ பெரிய பஸ்ல அழிச்ச மனுஷனுக்கு இத்தனூண்டு பெட்டியில கை வரலியா?" என்கிறாள் உன் அம்மா. பஸ்ஸில் இருந்தது ஸ்டிக்கர், இதில்தான் உன் கை பட்டிருக்கிறது, இதை அவளுக்கு எப்படிச் சொல்வது. ஆகவே, அழித்துவிடுங்கள் என்று நீயே உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு, அடித்துவிடுகிறேன். போனில் கேட்டிருக்கலாம், நீ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாய். நீ ஏறுகிற வண்டியெல்லாம் உன்னை நல்ல இடத்தில் இறக்கிவிடட்டும், திரும்பி வருகிற வண்டி சீக்கிரம் கிடைக்கட்டும். மாதக் கடைசி, மறந்துவிடாதே. இப்படிக்கு உன்

அப்பா

(கையெழுத்தை நானே போடுவேன் என்று பிரஷ்ஷோடு வந்து முக்கால் பக்கத்தை நிரப்பிவிட்டார், அதனால் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறேன். அண்ணா, அழித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே, இன்னும் ஒரு டஜன் பிரஷ் காயும். பெட்டி ஒரு சாண் நீளம், அதற்குள் அடங்குகிற மாதிரி புதிதாக ஒரு வாசகம் எழுதி அனுப்பு. உன் எழுத்தின் மேல் உன் எழுத்தென்றால் அப்பாவுக்குக் கை வரும், மேனேஜருக்கும் வாசகம் வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. "தங்கச்சிக்கு ஜன்னல் ஓரம்" என்பது சரியாக ஒரு சாணுக்குள் அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டேன். "இடம் உண்டுன்னு எழுதினா போதும், ஜன்னல் ஓரம்னா இவளுக்குக் கொம்பு மொளைச்சிடும்" என்கிறாள் அம்மா, அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அப்பா உன் அறையில் தரையில் படுத்துக்கொண்டு தண்டவாளத்தை இணைத்து அந்தப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். குலுங்கினால் பெயிண்ட் உதிர்கிறதா என்று சோதிக்கிறாராம். அம்மா படுக்கக் கூப்பிட்டதற்கு "ஒரே ஒரு ரவுண்டு" என்றார், அது மூன்று ரவுண்டுக்கு முன்பு. இப்போது அம்மா எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டாள், கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இருட்டில் உன் அறையிலிருந்து மெதுவாக "கூ" என்று கேட்கிறது.)