யுவராணி கலந்து வைத்த பாட்டில்

ஓடைப்பட்டி
4.2.2009

யுவராணியோடு ஆராய்ச்சி செய்த தம்பி சுந்தர்ராஜுக்கு, அவள் அம்மா மலையம்மாள் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா?

நீங்கள் பெங்களூரில் இருந்து அனுப்பிய அவள் பெட்டி வந்து சேர்ந்தது. காய்ச்சலில் அவள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. சேலையெல்லாம் அவள் மடித்தபடியே இருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு டப்பாவில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மின்னுகிறது. மடக்கினேன், ஒடியவில்லை. அவள் செய்த கம்பி என்று சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கம்பி என்றால் திராட்சைப் பந்தலுக்கு இழுத்துக் கட்டுவது. இதில் கம்பி எங்கே இருக்கிறது? நான் ஐந்தாவதுதான் படித்தேன். புரிகிற மாதிரி எழுதுங்கள்.

மலையம்மாள்

பெங்களூர்
16.2.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

அது தங்கக் கம்பி. தலைமுடியில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. தங்கம் கரைத்த மருந்துகளைக் கலந்து வைத்தால் பாட்டிலுக்குள் தானாக வளரும். கோடிக்கணக்கில் ஒட்டிப் படுத்து ஒரு படலமாகும். மடக்கினாலும் அதில் மின்சாரம் ஓடும். மணிக்கட்டில் ஒட்டி நாடி பார்க்க உதவும் என்பாள் யுவராணி.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அவள் நோட்டில் இருக்கிறபடி ஏழு தடவை கலந்துவிட்டேன். கறுப்புத் தூள்தான் வருகிறது. அந்தத் துண்டை வெளியில் எங்கோ வாங்கிவிட்டு நடக்காததை எழுதிவிட்டாளோ என்று எங்கள் பேராசிரியர் சந்தேகப்படுகிறார். நாங்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பெயரை எடுத்துவிடலாம் என்கிறார். நான் நம்பவில்லை. இதைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாளா?

சுந்தர்ராஜ்

ஓடைப்பட்டி
1.3.2009

தம்பிக்கு,

என் மகள் பொய் எழுதினாள் என்றா சொன்னாக? உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

தங்கம் செய்கிறேன் என்று அவள் சொன்னபோது, "ஒரு குந்துமணி கூடக் கண்ணுல காட்டலயேடி" என்று கேலி செய்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று நடந்தது. ஐப்பசியில் அவள் பெரியப்பா முத்துவீரன் இறந்துபோனார். மூன்று நாள் லீவில் வந்தாள். பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் நான் அனுப்பவில்லை.

"ஆத்தா, பாட்டில்ல கலந்து வச்சிட்டு வந்திருக்கேன். மூணு நாளைக்கு மேல போனா கெட்டுப்போகும்" என்று அழுதாள்.

"கெட்டா வேற கலந்துக்க. பங்காளி வீட்டுத் தீட்டோட எங்கிட்டுப் போவ?" என்றேன்.

பஸ் ஏறும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் நான் அவளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது. அவள் பொய் எழுதியிருந்தால், நான் கெடுத்ததை மறைக்கத்தான் எழுதியிருப்பாள். அப்படித்தானா தம்பி?

மலையம்மாள்

பெங்களூர்
24.3.2009

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கலந்து, இருட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பதினாறு நாள் தொடவில்லை. வழக்கமாக நாங்கள் மறுநாளே திறந்துவிடுவோம்.

படலம் வந்துவிட்டது. பேராசிரியர் கண்ணால் பார்த்தார். கட்டுரையில் யுவராணி பெயர்தான் முதலில் வரும். அவள் ஊரில் இருந்து திரும்பிய மறுநாள் தேதியில்தான் படலம் கிடைத்ததாக நோட்டில் இருக்கிறது. என்றைக்குக் கலந்தாள், எத்தனை நாள் வைத்தாள் என்ற இடம் மட்டும் காலி. லீவைத் தாண்டித் தங்கியதை எழுதக் கூச்சப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை அம்மா.

சுந்தர்ராஜ்

ஓடைப்பட்டி
2.4.2009

தம்பிக்கு,

இரண்டு தடவை படித்தேன். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அது போதும்.

ஒன்றுதான் விளங்கவில்லை. கெடவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டாள். "சாப்பிட்டியா ஆத்தா" என்று கேட்டு வைத்துவிடுவாள். மறந்துவிட்டாளா, கோபத்தை மனசிலேயே வைத்திருந்தாளா? நானாவது கேட்டிருக்கலாம். கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை.

நோட்டில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம். உங்கள் கையால் எழுதிவிடுங்கள். பதினாறு நாள், ஆத்தா போகவிடவில்லை என்று.

மலையம்மாள்