உன் பாஷையில் ஒப்பாரி

அம்மா, சீயக்காய் போட்டுக் கழுவியும் கையில் சந்தன வாசனை போகவில்லை. அத்தைக்குப் பூசிய சந்தனம். இன்று மத்தியானம் தென்னூர் வீட்டிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பீஜித் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன அப்பா, அந்தத் தீவுக்காரியான உன்னைக் கட்டிக்கொண்டு, யுத்தத்துக்கு முந்தி கைக்குழந்தையான என்னோடு கப்பலேற்றித் தென்னூருக்குக் கூட்டிவந்தார். உன் பாஷை அங்கேயே கடலோரத்து நாலைந்து ஊரில்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பாஷை நடப்பதால் பிள்ளைகள் மறந்துகொண்டு வருகிறார்கள் என்பாய். இங்கே அப்பாவின் அக்கா, இந்த அத்தை, அதை வாசற்படிக்குள்ளேயே விடவில்லை. "ஏண்டி, பிள்ளைக்கும் அந்தக் குரங்குப் பேச்சைப் பழக்குறியா? நாளைக்கு எவன் கட்டுவான் இவளை?" என்பாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அதனால் ஸ்ரீரங்கம் போகிற நாள்தான் நமக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சொல்லித்தருவாய். அலை, நண்டு, உப்பு. வா, சாப்பிடு, தூங்கு. "இந்தத் தண்ணி கடலுக்குத்தானே போவுது, கேட்டுக்கிட்டுப் போவட்டும்" என்று சிரிப்பாய்.

நீ செத்த அன்று உன் பாஷையில் அலறினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். "தமிழ்ல அழுடி, தெரு சிரிக்குது!" அந்தக் கையை நான் மறக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆசை. தம்பி மகள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், தெருவே மெச்ச வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகும் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "வைக்கிறேன் அத்தை" என்றேன்.

வைத்தேன். உன் பாஷையில்.

தோளைக் கட்டிக்கொண்டு அழவந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். திட்டுவதற்கு ஒரு சொல்கூட நீ எனக்குச் சொல்லித்தரவில்லையே! அதனால் என்ன? அலையும் நண்டும் உப்புமாக இருந்ததையெல்லாம் அள்ளி அவள் முகத்தில் எறிந்தேன். நீ என்னைக் கொஞ்சிய சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பொன்னே, பூவே என்று ஒரு தமிழ்ச் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்ன பாட்டும்மா இது? ஒண்ணும் புரியல, ஆனா அழுகை நிக்க மாட்டேங்குது" என்றாள். "எங்க அம்மா ஊர்ப் பாட்டு" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்காதே. ஆறவில்லை. அவள் மருமகள் இப்போதுதான், "கருமாதிக்கும் நீங்கதான் வந்து அழணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நிறையச் சொல் இருக்கிறது என்னிடம்.