வெர்னாவுக்கு ஒரு பிரிண்டர்

டிசம்பர் 3, செவ்வாய்

ஆர்வோவைப் பார்த்துவிட்டு வந்தேன். தம்பி ஜன்னலோர நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. "வாங்க டீச்சரம்மா, இன்னைக்கு என்ன பரீட்சை?" என்றான். அதற்குள்ளேயே இரண்டு முறை மூச்சு வாங்கிவிட்டது. இரும்புச் சுரங்கம் அவனுக்குத் தந்த ஓய்வூதியம் அந்த நுரையீரல்.

அது மேலும் கெட்டுப்போகாமல் தள்ளிப்போடும் மாத்திரைக்கு இனிப் பணம் தரமாட்டோம் என்று காப்பீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். முறையிடலாம். ஆனால் ஒவ்வொரு தாளையும் அச்செடுத்து, அவன் கையால் கையெழுத்துப் போட்டு, நகலெடுத்து, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அதற்காக அவன் மனைவி வெர்னா ஏரிக்கரையிலிருந்து டவுன் நூலகத்துக்குப் பனியில் வண்டி ஓட்டுகிறாள். அதுவரை அவன் தனியாக.

கிறிஸ்துமஸுக்கு என்ன கொடுப்பது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 7, சனி

பிரிண்டர் வாங்க ஒரு முழுக் காலை. அச்சு, நகல், ஸ்கேன் மூன்றும் வேண்டும். விலை என் கைக்கு எட்ட வேண்டும். மையை ஊற்றி நிரப்பும் வகை நல்லதுதான், விலை இரண்டு மடங்கு. லேசர் வகையில் மலிவானதற்கு ஸ்கேன் இல்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெஷினை சும்மா குடுக்கற மாதிரி குடுப்பாங்க, மையிலதான் பிடுங்குவாங்க" என்றார்.

நாய்க்குட்டியைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்று, வேலையில் இருந்த நாளில் நாலாம் வகுப்பில் சொல்வேன். கொடுப்பவருக்கு ஒருநாள் சந்தோஷம், வாங்குபவருக்குப் பல வருஷத்துத் தீனி. அதனால் தீனியையும் நானே ஏற்றுக்கொண்டேன். மாதச் சந்தா கட்டினால், மை குறையும்போது பிரிண்டரே கம்பெனிக்குத் தெரிவித்துவிடும். புது மை கார்ட்ரிட்ஜ் தபாலில் வரும். என் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தேன். வெர்னாவுக்கு ஒரு காசு செலவில்லை.

டிசம்பர் 25

ஆர்வோ பிரிண்டர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நகலெடுத்தான். "பாத்துக்கோ, சுரங்கத்துல முப்பது வருஷம், விரல் அஞ்சும் பத்திரம். இன்னொரு கைக்கு நாளைக்கு அத்தாட்சி தரேன்." சிரித்து, இருமி, வெகுநேரம் இருமினான். வெர்னா மூன்று தடவை நன்றி சொன்னாள். இவ்வளவு பெரிய பரிசு எதுக்கு என்று நான்கு தடவை.

ஜனவரி 9, வியாழன்

முன்பின் தெரியாத ஊரில் யாரோ என் அட்டையில் டயர் வாங்கப் பார்த்திருக்கிறான். வங்கி அதை முடக்கிப் புது அட்டை அனுப்பிவிட்டது. தொலைபேசி, மின்சாரம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் புது எண்ணைக் கொடுத்தேன். அலுப்பு.

ஜனவரி 21, செவ்வாய்

இரண்டாம் முறையும் மறுத்துவிட்டார்கள். இனி ஒரே ஒரு முறையீடுதான் பாக்கி. பிப்ரவரி 12-க்குள் போய்ச் சேர வேண்டும். டாக்டர் பலமான கடிதம் எழுதி வெர்னாவுக்கு மின்னஞ்சல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பிரிண்டர் எப்படி என்று வெர்னாவிடம் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு ஐலி. எவ்ளோ உதவி தெரியுமா." மனசுக்கு நிறைவாக இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டாம் நாளாகப் புயல். பள்ளி, நூலகம், சர்ச் எல்லாம் மூடல். ஏரிக்கரைச் சாலையில் பனி அள்ளும் வண்டியே சிக்கிக்கொண்டதாம். நல்ல வேளை, வெர்னா எதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. போன் செய்தேன். நல்லா இருக்கோம் என்றாள். தாள்கள் போயாச்சா என்றதற்கு, பாத்துக்கிட்டிருக்கேன் என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

சாலை திறந்ததும், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். பிரிண்டர் மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. விளையாட்டாக எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சின்னத் திரையில் எழுத்து: சந்தாப் பணம் வரவில்லை, சரிசெய்யும் வரை இந்த மையைப் பயன்படுத்த முடியாது. உள்ளே மை முக்கால்வாசி இருக்கிறது. இருந்தும் அச்சடிக்காதாம்!

பழைய அட்டை. நான்தான். புது எண் கொடுத்த இடங்களில் இதை மறந்தேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். வெர்னா பாத்திரம் துடைத்துக்கொண்டே, ஜனவரி நடுவிலிருந்து என்றாள். மறுபடி நூலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாளாம். டாக்டர் கடிதம் வந்ததே போன வெள்ளிதான். அது வந்து சேர்வதற்குள் நூலகம் மூடியாயிற்று, சனிக்கிழமை விடுமுறை. பிறகு புயல்.

"ஏன் சொல்லல?"

"பரிசு குடுத்தவங்ககிட்ட போயி அது ஓடலன்னு எப்படிச் சொல்றது?" துடைத்த தட்டை அடுக்கிவிட்டு, "பணம் வரலன்னு போட்டிருந்துச்சு. உங்களால கட்ட முடியலையோன்னு நினைச்சேன். பென்ஷன்ல இருக்கறவங்க. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு..."

கெடு நேற்று.

என் வீட்டில் ஒரு பழைய பிரிண்டர் இருக்கே. அதுல மை இருக்கே. கடுதாசிய எனக்குத் தட்டிவிட்டுட்டு வெள்ளிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தா, புயலுக்கு முன்னாடி கொண்டுவந்து குடுத்திருப்பேன் — இல்ல, அவளச் சொல்லி என்ன? யாரு முதல்ல தலைய ஆட்டுறாங்களோ அவங்களுக்குத்தான் புரியலன்னு எத்தனை வருஷம் வகுப்புல பார்த்தேன். "ரொம்ப நல்லா இருக்கு"ன்னு அவ சொன்னப்ப ஒரு தாளை எடுத்துக் காட்டுன்னு ஏன் கேக்கல?

பிப்ரவரி 14

புது எண்ணைக் கொடுத்தேன். கொடுத்ததும் பிரிண்டர் தானாகவே ஓடத் தொடங்கியது. வெர்னா அனுப்பிப் பார்த்துத் தேங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் டாக்டர் கடிதம். ஆர்வோ கையெழுத்துப் போட்டான். புயலைப் பற்றி நானும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பினோம்.

பிப்ரவரி 27, வியாழன்

கெடு தாண்டியதால் பரிசீலிக்க இயலாது. தொலைபேசியில் ஒரு பெண், மிக மரியாதையாக: "எனக்குப் புரியுதும்மா. ஆனா சிஸ்டம் ஏத்துக்காது."

மாத்திரை நேற்றோடு தீர்ந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

கூடத்தில் மருத்துவமனைக் கட்டில் போட்டாயிற்று. தினமும் நர்ஸ் வருகிறாள். போகும்போதெல்லாம் நான் பட்டாணி சூப் கொண்டு போகிறேன். மாத்திரை இருந்திருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். ஒரு வருஷம் கூடக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம் என்றார். ஆர்வோவுக்கு எல்லாம் தெரியும். யார் மேலும் அவனுக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 18

போன் செய்தேன். "நாங்க நல்லா இருக்கோம்" என்றாள் வெர்னா. நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பின்னால் ஆக்ஸிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

காலையில் வெர்னாவே கூப்பிட்டாள்.

"ஐலி, நான் நல்லா இல்ல. ராத்திரி என்னால முடியல. செவ்வாயும் வியாழனும் நீங்க வந்து இருங்க." மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தாள். "அப்புறம் அந்தப் பட்டாணி சூப்பைக் கொண்டு வராதீங்க. அவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. கல்யாணமான நாள்லேர்ந்து பிடிக்காது."

சரி என்றேன்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை அணைத்தேன். செவ்வாய்க்கு இன்னும் நாள் இருக்கிறது. மாற்று உடைகளை எடுத்து வண்டியில் வைத்துவிட்டேன்.